முதல் டிரையத்லானுக்கு முன் ஒரு வெள்ளோட்டம்

ஈரக் காலில் சாக்ஸ் எளிதில் ஏறாது. விரல்களைத் தாண்டுவதற்குள் சுருண்டுகொள்ளும்; அவசரப்பட்டு இழுத்தால் குதிகாலில் இருக்க வேண்டிய பகுதி பாதத்தின் மேலே வந்து நிற்கும். நீந்திக் கரையேறிய சற்று நேரத்துக்கு இதயத் துடிப்பு தணிந்திருக்காது, விரல்களில் நடுக்கம் இருக்கும், ஒற்றைக் காலில் நிற்கவே உடல் தடுமாறும். பல மாதங்கள் நீச்சலையும் சைக்கிளையும் ஓட்டத்தையும் தனித்தனியே ஒழுங்காகப் பயின்ற எனக்கு இந்தச் சிறிய உண்மை, இம்மூன்றையும் இடைவிடாமல் அடுத்தடுத்துச் செய்யும் போட்டியான முதல் டிரையத்லானுக்கு 13 நாட்கள் முன்பு நானே ஏற்பாடு செய்துகொண்ட வெள்ளோட்டத்தில்தான் தெரியவந்தது. அன்று ஒரு ஜோடி சாக்ஸுடன் நான்கு நிமிடங்கள் போராடினேன். போட்டி நாளில் அதே வேலை அரை நிமிடத்தில் முடிந்தது.

முதல் முறையாகப் போட்டியிடுபவர்களைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் மூன்று விளையாட்டுகளில் ஏதோ ஒன்று அல்ல. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடங்களே. அந்த மாற்றங்களை உடல் ஒருமுறையாவது வரிசையாகக் கடந்து பார்த்திருக்க வேண்டும். வெள்ளோட்டம் அதற்காகத்தான். உங்கள் வேகத்தையோ தாங்கும் திறனையோ அளந்து பார்க்கும் தேர்வாக அதை எண்ணினால் அதன் பயன் பாதியாகக் குறைந்துவிடும். எங்கே கை தடுமாறுகிறது, எந்தப் பொருள் இல்லை, எந்தப் பொருள் தேவையே இல்லை, எந்த இடத்தில் மனம் பதறுகிறது என்பவற்றைக் கண்டு எழுதிவைப்பதே அந்த ஒரு காலைப்பொழுதின் நோக்கம்.

எவ்வளவு தூரம், எந்த நாள்

புதியவர்களில் பெரும்பாலானோர் தேர்ந்தெடுப்பது ஸ்பிரின்ட் எனப்படும் குறுந்தொலைவுப் போட்டியை. அதில் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம் இருக்கும். 2000ஆம் ஆண்டு சிட்னியில் முதன்முதலாக ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்ற தொலைவு இதைப்போல் இரு மடங்கு: 1.5 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர். இந்தக் கட்டுரை ஸ்பிரின்ட் தொலைவை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. நீண்ட போட்டிக்குத் தயாராகிறவர்கள் அளவுகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், முறை ஒன்றுதான்.

வெள்ளோட்டத்துக்கு முன்பே மூன்று தொலைவுகளையும் தனித்தனி நாட்களில் நீங்கள் முடித்திருக்க வேண்டும். 50 மீட்டர் நீச்சல் குளத்தில் 15 நீளங்களை, 25 மீட்டர் குளமானால் 30 நீளங்களை, சுவரைப் பிடித்து ஓய்வெடுக்காமல் நிதானமாக நீந்த முடியாதவர் திறந்த நீரில் வெள்ளோட்டம் பார்ப்பதற்கு இன்னும் காலம் வரவில்லை. சைக்கிளிலும் ஓட்டத்திலும் களைத்துப்போனால் நின்றுகொள்ளலாம், நடக்கலாம். நீரில் அந்த வசதி இல்லை.

நாளைப் பொறுத்தவரை, போட்டிக்கு 10 முதல் 14 நாட்கள் முன்னதாக வைத்துக்கொள்வது நல்லது. அதைவிடத் தாமதித்தால் உடல் முழுமையாகத் தேற நேரம் இருக்காது. காலில் கொப்புளம் வந்தால் ஆறாது. நீச்சல் கண்ணாடியின் பட்டை அறுந்தாலோ ஷூ கடித்தாலோ மாற்றுப் பொருளை வாங்கிப் பழக்கிக்கொள்ள அவகாசம் போதாது. கடைசி வாரத்தில் முழு வெள்ளோட்டம் பார்ப்பது, நம்பிக்கை போதாமல் செய்யும் செயலே தவிர பயிற்சி ஆகாது.

தூரம் முழுவதையும் கடக்க வேண்டியதில்லை. மூன்றில் இரண்டு பங்கு போதும்: ஏறத்தாழ 500 மீட்டர் நீச்சல், 13 முதல் 15 கிலோமீட்டர் சைக்கிள், 3 கிலோமீட்டர் ஓட்டம். வேகம், பக்கத்தில் ஒருவர் வந்தால் முழு வாக்கியங்களில் பேச முடிகிற அளவில் இருக்கட்டும். ஆனால் தூரத்தையும் வேகத்தையும் தவிர மற்ற எதையும் மாற்றாதீர்கள். அதே உடை, அதே கண்ணாடி, அதே ஷூ, அதே உணவு, போட்டி தொடங்கும் அதே நேரம். போட்டி காலை 6 மணிக்கு என்றால் வெள்ளோட்டமும் 6 மணிக்கே தொடங்க வேண்டும். எத்தனை மணிக்கு எழுந்தால் உண்டு, காலைக்கடன் முடித்து, பொருட்களை எடுத்துக்கொண்டு பதற்றமில்லாமல் நீர்க்கரையில் நிற்க முடியும் என்ற கணக்கு அன்றுதான் கைக்கு வரும்.

துணையும் இடமும்

போட்டி நடக்கும் இடத்திலேயே நீந்தவும் ஓட்டவும் அனுமதி இருந்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. இல்லையென்றால், நீந்துவதற்குப் பாதுகாப்பானது என்று தெரிந்த ஒரு நீர்நிலையும் அதன் அருகிலேயே போக்குவரத்து குறைந்த சாலையும் கிடைத்தால் போதும். திறந்த நீர் கிடைக்காதவர்கள் நீச்சல் குளத்தில் நீந்திவிட்டு, குளத்தின் வாயிலில் நிறுத்தி வைத்த சைக்கிளில் ஏறலாம். குளத்தில் பார்த்த வெள்ளோட்டம் திறந்த நீருக்கு ஈடாகாது. ஆனால் மாற்றங்களைப் பழக அது போதுமானது. திறந்த நீர் நீச்சலைத் தனியே வேறொரு நாளில் பயின்றுகொள்ள வேண்டும்.

தனியாக நீரில் இறங்கவே கூடாது. எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இது பொருந்தும். உங்களுடன் நீந்த ஒருவர், கரையிலிருந்து உங்களையே பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் என இருவர் இருப்பது சிறப்பு. கரையில் இருப்பவர் சைக்கிளையும் பார்த்துக்கொள்வார், நேரத்தையும் குறித்துக்கொள்வார். இடுப்பில் கட்டி இழுத்துச் செல்லும் பளிச்சென்ற நிற மிதவையை அணிந்துகொள்ளுங்கள். அது தூரத்திலிருந்து உங்களைக் காட்டும். களைத்தால் பற்றிக்கொள்ளவும் உதவும்.

டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த உயிரிழப்புகளில் பெரும்பகுதி நீச்சல் கட்டத்திலேயே நேர்ந்திருக்கிறது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. உழைக்கும்போது நெஞ்சில் வலியோ அழுத்தமோ, காரணமில்லாத மயக்கமோ, படபடப்போ எப்போதாவது வந்திருந்தால், அல்லது குடும்பத்தில் இளவயதிலேயே இதய நோய் கண்டவர்கள் இருந்தால், வெள்ளோட்டத்துக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, செய்யப்போவது என்ன என்பதை விளக்கிச் சொல்லி, அவருடைய ஒப்புதலைப் பெறுங்கள். காய்ச்சலோடும் சளியோடும் வெள்ளோட்டம் பார்க்க வேண்டாம். நாளைத் தள்ளிப்போடுவதில் எந்த இழப்பும் இல்லை.

முந்தைய மாலை

போட்டி அமைப்பாளர்கள் தரும் விதிக் குறிப்பை முந்தைய மாலையே முழுமையாகப் படியுங்கள். வெள்ளோட்டத்தில் அந்த விதிகளுக்கு உட்பட்டே நடக்க வேண்டும், ஏனென்றால் கை எதைப் பழகுகிறதோ அதையே போட்டி நாளிலும் செய்யும். ஏறக்குறைய எல்லாப் போட்டிகளிலும் பொதுவாக இருக்கும் சில விதிகள் உண்டு. ஹெல்மெட்டின் பட்டையைப் பூட்டிய பிறகே சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுக்க வேண்டும். சைக்கிளைத் திரும்ப மாட்டிய பிறகே பட்டையைக் கழற்ற வேண்டும். தரையில் வரைந்திருக்கும் ஏறும் கோட்டைத் தாண்டிய பின்பே சைக்கிளில் ஏறலாம். இறங்கும் கோட்டுக்கு முன்பே கால் தரையைத் தொட்டுவிட வேண்டும். காதில் பாட்டுக் கேட்கும் கருவிகளுக்கு இடமில்லை. ஹேண்டில்பாரின் குழாய் முனைகள் மூடப்பட்டிருக்க வேண்டும். திறந்த குழாய், கீழே விழும்போது உடலைக் கிழித்துவிடும். நீரின் வெப்பநிலையைப் பொறுத்து, குளிரைத் தடுக்க உடலோடு ஒட்டி அணியும் ரப்பர் உடையான வெட்சூட் அணிவது கட்டாயமாகவோ தடையாகவோ இருக்கக்கூடும் என்பதால், வெட்சூட் வைத்திருப்பவர்கள் அது இல்லாமலும் நீந்திப் பழகியிருப்பது நல்லது.

பிறகு சைக்கிள். டயரில் கண்ணாடித் துண்டோ வெட்டோ இருக்கிறதா என்று விரலால் அல்லாமல் கண்ணால் சுற்றிப் பாருங்கள். இரண்டு பிரேக்குகளையும் தனித்தனியே அழுத்திச் சக்கரம் நிற்கிறதா என்று சோதியுங்கள். சக்கரங்களின் பூட்டு, சீட்டின் திருகு, ஹேண்டில்பாரின் திருகு ஆகியவற்றை இறுக்குங்கள். செயினுக்கு எண்ணெயிட்டு மிகுதியைத் துடைத்துவிடுங்கள். காற்று, டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் வரம்புக்குள் உங்கள் எடைக்கு ஏற்ற அளவில் இருக்கட்டும். உதிரி டியூப், டயரைக் கழற்றும் நெம்புகோல்கள், சிறு பம்பு மூன்றும் சைக்கிளோடு போக வேண்டும். அவற்றைக் கொண்டு பின்சக்கர டியூபை மாற்றிப் பார்ப்பதை வேறொரு மாலையில் வீட்டிலேயே ஒருமுறை செய்துவிடுங்கள்.

கடைசியாக எல்லாப் பொருட்களையும் தரையில் பயன்படும் வரிசைப்படி பரப்பி வையுங்கள். நீரில் தேவையானவை ஒரு பக்கம், முதல் மாற்றத்தில் தேவையானவை அடுத்து, இரண்டாம் மாற்றத்தில் தேவையானவை கடைசியாக. புதிய பொருள் ஏதாவது வாங்கியிருந்தால் அதைப் பயன்படுத்திப் பார்க்க வெள்ளோட்டமே கடைசி நாள். அன்று அணியாத எதையும், அன்று உண்ணாத எதையும் போட்டி நாளில் தொடாதீர்கள். டிரையத்லானுக்கென்று தனியாகச் செலவு செய்ய வேண்டியது மிகக் குறைவு என்பதும் என் கருத்து. நல்ல நிலையில் இருக்கும் எந்தச் சைக்கிளும் முதல் போட்டிக்குப் போதும். ஓட்டத்துக்கான ஷூவையே சைக்கிளிலும் அணிந்தால் இரண்டாம் மாற்றத்தில் பாதி வேலை தானாகவே குறையும்.

காலை உணவும் மாற்றுமிடமும்

தொடங்குவதற்கு 2 முதல் 3 மணி நேரம் முன்பு, உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் மாவுச்சத்து மிகுந்த, கொழுப்பும் நார்ச்சத்தும் குறைந்த எளிய உணவை அளவாக உண்ணுங்கள். அதன்பின் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடித்தால் போதும். உடை உரசும் இடங்களான கழுத்து, அக்குள், தொடையின் உட்புறம் ஆகியவற்றில் வழுவழுப்பான களிம்பைத் தடவிக்கொள்ளுங்கள். தடவிய விரல்களை நன்றாகத் துடைத்த பிறகே நீச்சல் கண்ணாடியைத் தொடுங்கள். களிம்பு பட்ட கண்ணாடியில் உலகமே மங்கிவிடும், நீருக்குள் போன பின் அதைச் சரிசெய்ய வழியில்லை.

நீரிலிருந்து வந்து சைக்கிள் எடுக்கும் இடத்தையும், சைக்கிளை வைத்துவிட்டு ஓடப் புறப்படும் இடத்தையும் டிரான்சிஷன் என்பார்கள்; இங்கே மாற்றுமிடம் என்று சொல்கிறேன். வெள்ளோட்டத்தில் ஒரு சுவரோ கம்பமோ மாற்றுமிடமாக அமையலாம். உங்களுக்குக் கிடைக்கப்போகும் இடம் சைக்கிளின் அகலத்தைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும் என்பதால், ஒரு சிறு துண்டை நான்காக மடித்து விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் அடக்கிப் பழகுங்கள். சைக்கிள் ஓட்ட அணியும் ஷூ முன்னால், ஓடுவதற்கான ஷூ பின்னால், இரண்டின் நாடாக்களும் தளர்ந்தபடி. ஹெல்மெட்டை ஹேண்டில்பார் மீது மல்லாத்தி, உட்புறம் மேலே தெரியும்படி வையுங்கள். பட்டைகள் இருபுறமும் வெளியே விரிந்து தொங்க வேண்டும், வெயில் கண்ணாடி அதன் உள்ளே இருக்கலாம். போட்டி எண்ணைக் கட்டும் இடுப்புப் பட்டை அருகிலேயே இருக்கட்டும். சைக்கிளைக் கனமில்லாத கியரில் நிறுத்துங்கள். இதை மறந்தால், ஏறிய முதல் பத்து அடிகளிலேயே பெடல் நகராமல் தள்ளாட நேரும்.

எல்லாம் வைத்தான பின் நீர்க்கரைவரை நடந்து போய், அங்கிருந்து திரும்பி உங்கள் சைக்கிளை நோக்கி நடந்து பாருங்கள். போட்டியில் ஒன்றுபோலத் தோன்றும் நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் நிற்கும். எத்தனையாவது வரிசை, எந்த மரம், எந்தக் கம்பம் என்று அசையாத ஒன்றை அடையாளம் கொள்ளப் பழகுங்கள். பக்கத்துச் சைக்கிளை அடையாளம் வைத்தால், அதன் உரிமையாளர் உங்களுக்கு முன்பே அதை எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

நீரில்

வெள்ளோட்டத்தில் அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதி இதுதான். அவசரமாக இறங்கி நீந்தத் தொடங்காதீர்கள். இடுப்பளவு நீரில் நின்று முகத்தை நீருக்குள் வைத்து, மூச்சை மெதுவாகக் குமிழிகளாக வெளியே விடுங்கள். இப்படிப் பத்து முறை செய்யுங்கள். குளிர்ந்த நீர் திடீரென்று உடலில் படும்போது மூச்சு தன்னிச்சையாக மேலெழுந்து திணறும். உடல் நீருக்குப் பழகியவுடன் அது ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிடும். அடங்கும்வரை நீந்தக் கூடாது.

குளத்தின் அடியில் கோடு இருக்கும். ஏரியிலும் கடலிலும் எதுவும் தெரியாது. ஆகவே 6 முதல் 10 கைவீச்சுகளுக்கு ஒருமுறை, முதலையைப் போல் கண்களை மட்டும் நீருக்கு மேலே உயர்த்தி, எதிரே ஓர் அடையாளத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே தலையைப் பக்கவாட்டில் திருப்பி மூச்செடுக்க வேண்டும். தலை முழுவதையும் தூக்கினால் இடுப்பு கீழே இறங்கி வேகம் தடைபடும். முதல் 100 மீட்டரில் இது தாளம் தவறும், நீரைக் குடிக்கவும் நேரும். நான்கைந்து முறை செய்த பின் கைக்கு வந்துவிடும்.

பாதி வழியில், களைப்பு இல்லாவிட்டாலும், வேண்டுமென்றே நிறுத்துங்கள். மல்லாந்து படுத்து மிதந்து பத்து மூச்சுகள் எண்ணுங்கள். பிறகு சிறிது தூரம் தலையை உயர்த்தித் தவளை நீச்சலில் போய், மீண்டும் உங்கள் வழக்கமான நீச்சலைத் தொடருங்கள். அடுத்து, கண்ணாடிக்குள் கொஞ்சம் நீரை விட்டு, மிதந்தபடியே அதை வெளியேற்றி மாட்டிப் பாருங்கள். உடன் நீந்துபவரைத் தோளோடு தோள் உரசியபடி வரச் சொல்லுங்கள், உங்கள் பாதத்தைத் தொடச் சொல்லுங்கள். போட்டியின் தொடக்கத்தில் கைகளும் கால்களும் மேலே படுவது இயல்பு. முதன்முறையாக அது நிகழும்போது எழும் பதற்றத்தைத் தெரிந்தவர் ஒருவருடன் இருக்கும்போதே கடந்துவிட வேண்டும் என்பதற்காக இதை வலியுறுத்துகிறேன். போட்டியில் தொடக்கக் கூட்டத்தின் பின்வரிசையிலோ ஓரத்திலோ நின்று, மற்றவர்கள் போன பின் புறப்பட உங்களுக்கு முழு உரிமை உண்டு. முடியாதபோது ஒரு கையை உயர்த்தினால் மீட்புப் படகு வரும். படகையோ மிதவையையோ பிடித்து ஓய்வெடுப்பதற்கும், அதன் உதவியால் முன்னேறாதவரை, பெரும்பாலான போட்டிகளில் அனுமதி இருக்கிறது.

நீச்சல் முதலில் வரும் இந்த வரிசை தொடக்கத்திலேயே இப்படி உறுதிப்பட்டிருக்கவில்லை. டிரையத்லான் என்ற பெயரில் முதல் போட்டி 1974 செப்டம்பர் 25 அன்று கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரில், மிஷன் பே என்ற இடத்தில் நடந்தபோது, ஓட்டமும் நீச்சலும் துண்டு துண்டாகக் கலந்திருந்தன. களைத்த உடலோடு ஆழமான நீரில் இறங்குவதன் ஆபத்தை எண்ணிப் பார்த்தால் இன்றைய வரிசை எவ்வளவு நல்லது என்பது விளங்கும்.

கரையை நெருங்கும்போது கடைசி 50 மீட்டரில் கால்களைச் சற்று கூடுதலாக உதையுங்கள். அதுவரை கைகளே வேலை செய்திருக்கும். கால்களை விழிக்க வைக்க வேண்டும். கை அடித்தரையைத் தொடும்வரை நீந்திவிட்டுப் பிறகு எழுந்து நில்லுங்கள். படுத்த நிலையிலிருந்து திடீரென்று நிமிரும்போது தலை சுற்றக்கூடும் என்பதால், முதல் சில அடிகளை நடந்தே கடந்துசெல்லுங்கள்.

முதல் மாற்றம்

கரையிலிருந்து மாற்றுமிடத்துக்குப் போகும் வழியிலேயே கண்ணாடியையும் தொப்பியையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளலாம். வெட்சூட் அணிந்தவர்கள் நடந்துகொண்டே அதை இடுப்புவரை இறக்கிவிட வேண்டும்; உடலில் நீர் வடிந்துகொண்டிருக்கும்போதுதான் அது எளிதாக இறங்கும்.

சைக்கிளை அடைந்ததும் முதல் வேலை ஹெல்மெட். எடுத்து அணிந்து, பட்டையைப் பூட்டுங்கள். 'டக்' என்ற ஒலி காதில் விழ வேண்டும். விழுந்த பின்பே வேறு எதையும் தொடலாம். நனைந்து விறைத்த விரல்களுக்கு அந்தச் சிறிய பூட்டு எவ்வளவு கடினம் என்பதை வீட்டுக்குள் உலர்ந்த கையோடு பயிலும்போது உணர முடியாது. அதன் பின் எண் பட்டை, பிறகு சாக்ஸ், ஷூ. சாக்ஸை முன்கூட்டியே வளையம்போல் விரல் முனைவரை சுருட்டி, உள்ளே சிறிது பவுடர் தூவி வைத்தால், விரல்களை நுழைத்து ஒரே இழுப்பில் குதிகால்வரை விரித்துவிடலாம். தொடக்கத்தில் சொன்ன நான்கு நிமிடப் போராட்டத்துக்கு நான் கண்ட தீர்வு இதுதான்.

சைக்கிளை எடுத்து, சீட்டை ஒரு கையால் பற்றித் தள்ளிக்கொண்டு, நீங்களே சுண்ணத்தால் வரைந்த ஏறும் கோட்டைத் தாண்டி ஏறுங்கள். துணைக்கு வந்தவர் நேரத்தைக் குறித்துக்கொள்ளட்டும், ஆனால் உங்களிடம் அப்போது சொல்ல வேண்டாம். முதல் முறை ஐந்து நிமிடங்கள் ஆனாலும் கவலையில்லை. வரிசை தவறாமல் இருப்பதே முக்கியம். வேகம் தானாக வரும்.

சைக்கிள்

முதல் ஐந்து நிமிடங்களை எளிய கியரில் ஓட்டுங்கள். நீச்சலின் மூச்சிரைப்பு அடங்கிய பின்பே வேகத்தைக் கூட்டலாம். நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்றுகள் என்ற அளவில் பெடல் சுழலும் கியரைத் தேர்ந்தெடுத்தால், ஓட்டத்துக்காகத் தொடையில் வலு மிஞ்சும். கனமான கியரில் அழுத்தி மிதிப்பது வேகமாகப் போவதுபோல் தோன்றும், ஆனால் அதற்கான விலையை ஓட்டத்தில் கொடுக்க நேரும்.

பாட்டிலைச் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் எடுத்து, குடித்து, திரும்ப அதன் இடத்தில் வைக்கும் பழக்கத்தை ஆளில்லாத நேரான சாலையில் பயிலுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் உழைப்புக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போதுமானது. ஸ்பிரின்ட் போட்டியில் சர்க்கரையும் உப்பும் கலந்த பானம் ஒரு பாட்டில் அந்தத் தேவையை நிறைவு செய்துவிடும். தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். பயத்தினால் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகும்.

பெரும்பாலான புதியவர்களுக்கான போட்டிகளில் முன்னால் செல்பவரின் பின்னே ஒட்டிக்கொண்டு காற்றின் தடையைத் தவிர்ப்பது விதிமீறல். விட வேண்டிய இடைவெளி பல போட்டிகளில் 10 மீட்டர். உங்கள் போட்டியின் விதிக் குறிப்பில் உள்ள அளவே முடிவானது. பத்து மீட்டர் என்பது சைக்கிளின் மேல் இருக்கும்போது எவ்வளவு தூரமாகத் தெரிகிறது என்பதைத் துணைவரை முன்னே ஓட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி ஒரு கிலோமீட்டரில் கியரை எளிதாக்கிச் சுழற்சியைக் கூட்டுங்கள், ஓரிரு முறை சீட்டிலிருந்து எழுந்து கெண்டைக்கால்களை நீட்டுங்கள். இறங்கும் கோட்டுக்கு நன்றாக முன்பே வேகத்தைக் குறைத்து இறங்குங்கள். பட்டையைக் கழற்றக் கை தானாகவே தாடைக்குப் போகும். சைக்கிளை அதன் இடத்தில் வைக்கும்வரை அந்தக் கையை அடக்குங்கள்.

ஓட்டம்

இரண்டாம் மாற்றத்தில் செய்ய வேண்டியவை குறைவு: சைக்கிள், ஹெல்மெட், ஷூ, முதுகுப்பக்கம் இருந்த போட்டி எண்ணை முன்பக்கம் திருப்புவது. நாடாவைக் கட்டாமல் இழுத்தாலே இறுகும் எலாஸ்டிக் நாடாக்கள் இங்கே உதவும்.

ஓடத் தொடங்கியவுடன் கால்கள் மரக்கட்டையாக இருக்கும். உங்களுடையவை அல்லாத யாருடைய கால்களோ கீழே இயங்குவதுபோல் தோன்றும். ஒரு மணி நேரமாக இடுப்பை மடித்து உட்கார்ந்தபடி வட்டமாகச் சுழன்ற தசைகள், உடலின் முழு எடையையும் தாங்கி நேராக அடிவைக்க மாற வேண்டியிருப்பதால் இது நிகழ்கிறது. அடிகளைக் குறுக்கி, தோள்களைத் தளர்த்தி ஓடினால் பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்குள் கால்கள் உங்களிடம் திரும்பி வந்துவிடும். இதை முன்பே அனுபவித்தவருக்குப் போட்டி நாளில் அச்சம் வராது. அனுபவிக்காதவர் தம் உடலுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எண்ணி மனம் தளர்ந்துபோவார்.

இன்னொரு மயக்கமும் உண்டு. சைக்கிளின் வேகத்துக்குப் பழகிய கண்ணுக்கு ஓட்டம் ஊர்வதுபோல் தெரியும். அதனால் உணராமலேயே வேகமாக ஓடிவிடுவோம். கிலோமீட்டருக்கு 7 நிமிடங்கள் என்று திட்டமிட்டிருந்த நான், வெள்ளோட்டத்தின் முதல் கிலோமீட்டரை 6 நிமிடங்களுக்கும் குறைவாக ஓடி, மூன்றாவதில் நடக்க வேண்டியதாயிற்று. முதல் கிலோமீட்டரில் கடிகாரத்தை இருமுறையாவது பாருங்கள்.

முடித்தவுடன்

குளிப்பதற்கும் உண்பதற்கும் முன்பே ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். எது இல்லாமல் தவித்தீர்கள், எதைத் தொடவே இல்லை, எங்கே எரிகிறது, வயிறு எப்படி இருந்தது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் எத்தனை நிமிடங்கள், நீரில் எந்த இடத்தில் பயம் வந்தது. குளிக்கும்போது தண்ணீர் பட்டு எரியும் இடங்களையும் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். போட்டி நாளில் களிம்பு போட வேண்டிய இடங்களின் துல்லியமான வரைபடம் அது.

500 மீட்டரை நிதானமாக நீந்த முடியவில்லை, நீரில் பதற்றம் அடங்கவே இல்லை என்று தாள் சொல்லுமானால், போட்டியைத் தள்ளிவைப்பதே சரியான முடிவு என்று உறுதியாகச் சொல்வேன். நீச்சலைத் தவிர மற்ற எந்தக் குறையும் தள்ளிவைக்கக் காரணமாகாது. மாற்றங்கள் மெதுவாக இருந்தன, ஓட்டத்தில் நடந்தீர்கள் என்பவற்றோடு தாராளமாகத் தொடக்கக் கோட்டில் நிற்கலாம்.

மழையோ வேலையோ குறுக்கிட்டு ஒரே காலையில் எல்லாவற்றையும் செய்ய முடியாதவர்கள் இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்: ஒரு நாள் நீச்சலும் சைக்கிளின் முதல் சில கிலோமீட்டர்களும், மற்றொரு நாள் சைக்கிளும் ஓட்டமும்.

அடுத்த நாள் முழு ஓய்வு. அதன்பின் பயிற்சியின் அளவைப் படிப்படியாகக் குறைத்து, அவ்வப்போது சில நிமிடங்கள் மட்டும் போட்டி வேகத்தைத் தொட்டுவிட்டு நிறுத்துங்கள். தாளில் கண்ட குறைகளைத் திருத்த மாற்றங்களை மட்டும் வீட்டு வாசலில் ஐந்தாறு முறை செய்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு வாளித் தண்ணீரில் கால்களையும் கைகளையும் நனைத்துக்கொண்டு தொடங்குங்கள். போட்டிக்கு முந்தைய மாலை, பொருட்களைத் தரையில் அதே வரிசையில் பரப்பி, தாளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, கடைசியில் தேவைப்படுபவை அடியிலும் முதலில் தேவைப்படுபவை மேலேயுமாகப் பையில் அடுக்குங்கள். நீச்சல் கண்ணாடி இரண்டு இருக்கட்டும்.